வன்னியில் பழைய காலத்து உடுப்பைத் தேடி வாங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இன்றைய இளையவர்கள் விண்டேஜ் என்று சொல்லும் உடுப்புக்கு வியாபாரிகளிடையே ஏறத்தாழ ஒரு வரையறை உண்டு. அது குறைந்தது 20 ஆண்டுகள் பழையதாகவும், தைக்கப்பட்ட காலத்தின் பாணியைக் காட்டுவதாகவும் இருக்க வேண்டும். 100 ஆண்டுகளைத் தாண்டினால் அது தொல்பொருள் வகைக்குப் போய்விடும். இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி அலமாரியும் பெயர்ப்பலகையும் உள்ள கடை ஒன்றைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தேடிப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். பழைய உடுப்பு இங்கு இருக்கிறது. ஆனால் அது தையற்கடையின் மேல்தட்டிலும், சந்தை ஓரத்தில் விரித்த படங்கின் மேலும், வீடுகளின் றங்குப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

தேடத் தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். இறுதிப் போர் நடந்த 2008 இன் கடைசியில் கிளிநொச்சி நகரம் ஆட்களின்றிக் கிடந்தது. 2009 மே வரை வன்னியின் சனம் இடத்துக்கு இடம் பெயர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் கையிலிருந்த சுமை குறைந்தது. ஆகவே அதற்கு முந்திய சீலையோ சேட்டோ இன்று இங்கு உங்கள் கைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். யாரோ அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். அல்லது வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஓர் உறவினர் வீட்டில் அது தங்கியிருந்திருக்கிறது. அல்லது போர் முடிந்தபின் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்திருக்கிறது. எந்த வழியால் வந்தது என்று தெரிந்துவிட்டால், அதன் வயது, அதில் இருக்கக்கூடிய பழுது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஆகிய மூன்றையும் பாதிக்குமேல் ஊகித்துவிடலாம்.

எங்கே தேடுவது

முதலில் தையற்கடைக்குப் போங்கள். புதுக் கடைக்கல்ல, ஒரே ஆள் பல ஆண்டுகளாகக் கால்மெசினில் தைத்துவரும் கடைக்கு. அளவு மாற்றக் கொடுத்துவிட்டு எடுக்க வராமல் விட்ட உடுப்புகள் அங்கே தொங்கும். அதைவிடப் பெறுமதியானது தையற்காரரின் நினைவு. எந்த வீட்டு அம்மாவிடம் மணிப்புரிச் சீலை இருக்கிறது, யார் தமது பழைய சீலையைக் கிழித்துப் பேத்திக்குப் பாவாடை தைக்கக் கேட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சின்ன வேலை ஒன்றை, ஒரு காற்சட்டையின் அடியை மடிப்பதையாவது, அவரிடம் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்குவது நல்லது. வேலை கொடுக்காமல் விசாரிக்க மட்டும் வருகிறவரை எந்தத் தையற்காரரும் விரும்புவதில்லை.

அடுத்தது வவுனியா. இறுதிப் போர்க்காலத்திலும் நகரம் இடம்பெயராமல் இருந்தபடியால், அங்குள்ள பழைய புடவைக்கடைகளில் எப்போதோ வாங்கி விற்காமல் கிடந்த சரக்கு இன்னும் அகப்படுவதுண்டு. முன்தட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். “ஐயா, விலைப்படாமல் கிடக்கிற பழைய துணி ஏதும் உள்ளுக்கு இருக்கோ?” என்று நேராகவே கேளுங்கள். ஒருமுறை அப்படிக் கேட்டபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “அதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீர்தான்” என்று சொல்லி, தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கித் தந்தார். உள்ளே ஒருவரும் உடுக்காத, வொயில் என்ற மெல்லிய துணிச் சீலைகள் ஏழு இருந்தன; நான்கு மடிப்பில் இற்றிருந்தன, மூன்று முழுமையாக இருந்தன.

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மாங்குளம் பக்கச் சந்தைகளில் பாவித்த உடுப்பைக் குவித்து விற்கிறவர்களிடம் சேட், காற்சட்டை, ஜக்கெற் போன்றவையே அதிகம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும் ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கும் போடப்படும் கடைகளில் பெரும்பகுதி புதுச் சரக்குத்தான். இருந்தாலும் கும்பிடப் போனவர் ஒரு சுற்று நடந்து பார்ப்பதில் நட்டமில்லை. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் விட்டுப்போகும் உடுப்புகள் சில கிழமைகளில் ஊருக்குள் கைமாறும். மேலைநாட்டுப் பழைய கோட்டும் கம்பளிச் சட்டையும் வேண்டுமானால் அந்தக் காலத்தைத் தவறவிடக் கூடாது.

போகும் நேரமும் கையில் இருக்க வேண்டியவையும்

காலையில் போங்கள். கடை விளக்கில் மஞ்சள் கறை தெரியாது. பொழுது சாய்ந்தபின் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமைகள் கடைக்காரருக்குத் தலை நிமிர நேரம் இராது. மார்கழி இறுதியில், பொங்கலுக்காக வீடு துப்புரவாக்கும் நாட்களில், பெட்டிகள் தாமாகவே திறக்கப்படும்.

கையில் அளவுநாடா, சிறு ரோச், உருப்பெருக்கிக் கண்ணாடி, தீப்பெட்டி ஆகியவை போதும். உங்களுக்கு அளவாக இருக்கும் சேட்டொன்றை வீட்டில் தட்டையாக விரித்து, தோள், மார்பு, கை நீளம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். பழைய உடுப்பில் எழுதியிருக்கும் இலக்கத்தை நம்பக்கூடாது. நாட்டுக்கு நாடும் பத்தாண்டுக்குப் பத்தாண்டும் அது மாறியிருக்கிறது. பருத்தியாக இருந்தால் பலமுறை தோய்த்துச் சுருங்கியும் இருக்கும். சந்தையில் உடுத்துப் பார்க்க இடம் கிடைக்காது என்பதால் நாடா சொல்வதுதான் முடிவு.

உட்புறத்தை வாசித்தல்

எந்த உடுப்பைத் தூக்கினாலும் முதலில் உள்ளே திருப்புங்கள். வெளிப்பக்கம் தோய்த்து மினுக்கி விற்பனைக்கென்று ஆயத்தப்படுத்தப்பட்டது. உட்பக்கத்தை யாரும் ஆயத்தப்படுத்துவதில்லை.

லேபல் இருந்தால் நாட்டின் பெயரைப் பாருங்கள். சிலோன் என்று இருந்தால், இலங்கை குடியரசான 1972 மே 22 க்கு முந்திய காலத்துச் சரக்கு என்று பெரும்பாலும் கொள்ளலாம். மேற்கு ஜேர்மனி என்றால் 1990 க்கு முந்தியது. செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1993 க்கு முந்தியது. லண்டனிலிருந்து வந்த பெட்டிகளில் ‘சென் மைக்கல்’ என்ற பெயர் கொண்ட சட்டைகள் அடிக்கடி அகப்படும். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் 1928 முதல் பாவித்து 2000 அளவில் கைவிட்ட பெயர் அது. ஆகவே அந்த லேபல் உள்ள உடுப்பு இன்று கண்ணை மூடிக்கொண்டு 20 ஆண்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லலாம். லீவைஸ் ஜீன்ஸின் பின் பையில் உள்ள சிவப்புத் துண்டில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் 1971 க்கு முந்தியது என்பார்கள். ஆனால் அந்தத் துண்டைப் போலியாகத் தைப்பது மிக இலகு, இங்கு எனக்குக் காட்டப்பட்டவை எல்லாம் போலியே.

இந்தியச் சீலை பெட்டியோடு கிடைத்தால் பெட்டியை வீச வேண்டாம். கடையின் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு (பின்கோட்) இருந்தால், அந்தப் பெட்டி 1972 ஓகஸ்ட் 15 க்குப் பிந்தியது. அன்றுதான் இந்தியாவில் அந்த முறை தொடங்கியது. பம்பாய் 1995 இலும் மெட்ராஸ் 1996 இலும் பெயர் மாறின. எனினும் பல கடைகள் பழைய பெயரைத் தொடர்ந்து அச்சிட்டன என்பதால் இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள். தூய பட்டுக்கு இந்தியாவில் வழங்கப்படும் பட்டு முத்திரைச் (சில்க் மார்க்) சிட்டை தொங்கினால் அது 2004 க்குப் பிந்திய சரக்கு. அதை 40 ஆண்டு பழைய சீலை என்று சொல்லித் தந்தால் சிட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

லேபல் இல்லாத உடுப்பே இங்கு அதிகம், ஊரிலேயே தைத்தவை. அவற்றுக்கு இழுத்துப் பூட்டும் சிப்பும் தையலும்தான் சாட்சி. உலோகச் சிப், அதுவும் பெண்களின் சட்டையில் இடுப்பின் பக்கவாட்டில் வைத்தது, 1960 களையோ அதற்கு முந்திய காலத்தையோ சுட்டும். அதன்பின் நைலோன் சிப் மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்தது. ஜீன்ஸுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதற்கு இன்றும் உலோகச் சிப்தான். தெறிகளைப் பல்லின் நுனியில் மெல்லத் தட்டிப் பாருங்கள். சிப்பியால் செய்த தெறி குளிர்ந்து கல்லைப் போல ஒலிக்கும், பிளாஸ்ரிக் மொத்தையாக ஒலிக்கும். தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் துணி விடப்பட்டிருந்தால், வளரும் பிள்ளைக்காக அல்லது பிற்காலத்தில் விரிப்பதற்காக ஊர்த் தையற்காரர் விட்டது என்று அறியலாம். துணியின் ஓரத்தைப் பின்னும் ஓவர்லொக் தையல் அடித்து ஒட்ட நறுக்கியிருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலை வேலை.

வன்னிக்கே உரிய ஓர் அடையாளத்தையும் சொல்ல வேண்டும். 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் புதுத் துணி கிடைப்பது அரிதாக இருந்தது; சேட்டின் கொலர் தேய்ந்ததும் அதைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைப்பார்கள். கொலரின் மடிப்பை விரித்து ரோச் அடித்தால் உள்ளே பஞ்சாகத் தேய்ந்த கோடும், பழைய ஊசித் துளைகளின் வரிசையும் தெரியும். இதைப் பழுது என்று சொல்லி விலை குறைப்பவர்களும் உண்டு. என் கணக்கில் அது விலை கூடுவதற்கான காரணம். பழைய உட்பாவாடைகளின் இடுப்போரத்தில் கையால் தைத்த சிறு பை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் விரலை விட்டுத் துழாவிப் பார்த்து, காசோ கடதாசியோ அகப்பட்டால் விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

துணியை அறிவதற்கு நூல் எரிப்பதே எளிய வழி. விற்பவரின் அனுமதியோடு, உட்தையலின் ஓரத்திலிருந்து நெடுக்கு நூலொன்றும் குறுக்கு நூலொன்றும் உருவி, ஒவ்வொன்றாகக் கொளுத்துங்கள். இரண்டையும் பார்ப்பது ஏனென்றால், பாவில் (நெடுக்கில்) ஒரு வகை நூலும் ஊடையில் (குறுக்கில்) இன்னொரு வகையும் வைத்து நெய்வதும் உண்டு. பருத்தி கடதாசியைப் போல எரிந்து மென்சாம்பலாகும். பட்டும் கம்பளியும் தலைமயிர் கருகிய மணத்தோடு சுருண்டு, விரலால் நசுக்கினால் கரித்தூளாகும். பொலியெஸ்ரர் உருகிக் கடும் குண்டுமணியாக இறுகும். அதை ஆறும்வரை தொட வேண்டாம். பளபளக்கிற நூல் கடதாசி மணத்தோடு எரிந்தால் அது செயற்கைப் பட்டு, அதாவது ரேயோன். பொலியெஸ்ரர் 1941 இல் பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் பெரியவர்கள் ரெற்ரோன் என்று சொன்ன பொலியெஸ்ரர் துணி ஜப்பானில் 1958 அளவில்தான் சந்தைக்கு வந்தது. அப்படியிருக்க, அப்பப்பா 1930 களில் உடுத்த சால்வை என்று தரப்படுவதன் நூல் உருகினால், அந்தக் கதையைப் பணிவோடு கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இலங்கைக்குள் 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாக இருந்து, 1977 இன் பின் திறந்துவிடப்பட்டதையும் நினைவில் வைத்திருங்கள். இறக்குமதித் துணி மீண்டும் தாராளமாகப் புழங்கியது அந்தத் திறப்பின் பின்னரே.

சரிகையை நகத்தால் மிக மெல்லச் சுரண்டினால், நல்ல சரிகைக்குள் பெரும்பாலும் சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை நூலோ பளபளக்கும் பிளாஸ்ரிக்கோ தெரிந்தால் போலிச் சரிகை. காஞ்சிபுரத்து மரபில் கரையையும் உடலையும் தனித்தனி நூலால் நெய்து கோத்திருப்பார்கள். மறுபக்கத்தைத் தடவினால் அந்தக் கோர்வை சிறு பற்களாக விரலுக்குத் தட்டுப்படும். மெழுகு பூசிச் சாயமிடும் பற்றிக் துணியானால் முன்னும் பின்னும் ஒரே அழுத்தமான நிறம் இருக்க வேண்டும், மெழுகு வெடித்த மெல்லிய கோடுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கக் கூடாது. பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சு. பற்றிக் கலைஞர் ஏனா டி சில்வா போன்றோர் 1960 களில் இலங்கைப் பற்றிக்குக் கொடுத்த புத்துயிரால், அடுத்த பத்தாண்டுகளின் நல்ல பற்றிக் சீலைகள் வன்னியில்கூட இடைக்கிடை தலைகாட்டுகின்றன.

பழுதை எடை போடுதல்

நான் தொடக்கத்தில் செய்த பிழை இங்குதான். ஒரு கடையில் நாவற்பழ நிறப் பட்டுச் சீலையைத் தலைப்பை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டு வாங்கினேன். கலியாண வீட்டில் பந்திக்கு இருந்தபோது முழங்கால் மடிப்போடு அது சத்தமில்லாமல் பிரிந்தது. வீட்டில் விரித்துப் பார்த்தால் மடிப்புக் கோடு ஒவ்வொன்றும் அப்படியே இற்றுப்போயிருந்தது. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் வைத்த பட்டுக்கு இதுதான் நேரும். ஆகவே சீலையை முழு நீளத்துக்கும் விரியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினால், மடிப்பில் ஊசித்துளைகளாக ஒளி வரும் இடங்கள் தெரியும். அப்படித் துளைவிட்ட பட்டைத் தைத்துக் காப்பாற்ற முடியாது.

றங்குப் பெட்டியில் இருந்த சீலைக்கு மடிப்பு விளிம்பில் துருக்கறை வரிசையாக இருக்கும்; வெள்ளைப் பருத்தியானால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்துக் குறைக்கலாம், பட்டில் அதை முயலக் கூடாது. அக்குள் வியர்வைக் கறை பெரும்பாலும் போகாது. கறுப்புப் புள்ளியான பூஞ்சணம் மாரி மழைக்கால ஈரத்தால் வருவது. மணந்து பாருங்கள், மணமும் இருந்தால் விட்டுவிடுங்கள். தெறி இல்லாமை, பிரிந்த தையல், அடி அவிழ்ந்தது ஆகியன பழுதே அல்ல.

இரண்டு வகையை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். உருமறைப்பு நிறத்திலோ சீருடைப் பாணியிலோ உள்ள பழைய ஜக்கெற், வெளிநாட்டில் நாகரிகமாக இருக்கலாம்; இங்கு அதைப் போட்டுக்கொண்டு வீதியில் இறங்குவது வீண் விசாரணைகளை வரவழைக்கும். இரண்டாவது, பாவித்த உள்ளாடையும் குழந்தை உடுப்பும்.

விலை பேசுதல்

படங்கு விரித்து விற்பவரிடம் தாராளமாகப் பேரம் பேசலாம். அவர் மூட்டைக்கு விலை கொடுத்து எடுத்தவர். ஒவ்வொன்றின் வயதும் அவருக்குத் தேவையில்லை. மூன்றாகச் சேர்த்து எடுத்தால் விலை விழும். நீங்கள் தேடியது எது என்று முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அதை இரண்டாவதாகத் தூக்குவது பழைய சந்தைத் தந்திரம். இன்றும் வேலை செய்கிறது.

வீட்டில் வாங்குவது வேறு. விசுவமடுப் பக்கம் ஓர் அம்மா தன் கூறையைக் காட்டினார். மயிலாடுதுறைக் கூறைநாட்டின் பெயரைத் தாங்கி, இன்று எந்த ஊரில் நெய்தாலும் நாம் கூறை என்றே சொல்லும் கலியாணச் சீலை. விலையைக் கேட்டதும் அவர் கை சீலையிலிருந்து எழவில்லை. “எடுங்கோ பிள்ளை, வைச்சு நான் என்ன செய்யப்போறன்” என்றார். ஆனால் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. பெட்டியில் இருந்த இரண்டு வொயில் சீலைகளுக்கு அவர் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் விற்பவரிடம், விற்கத்தான் விருப்பமா, பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று இரண்டு தடவை கேளுங்கள். ஆம் என்றால், அதே தரத்துப் புதுச் சீலையின் கடை விலையை நினைத்துப் பார்த்து நியாயமாகக் கொடுங்கள். இறந்தவரின் உடுப்பை உடுக்கக் கூடாது என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. நீங்கள் பரிசாகக் கொடுக்க வாங்குவதானால், யாருடையது என்று முன்பே கேட்டு, பெறுபவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின்

வாங்கியதை நேரே அலுமாரிக்குள் வைக்காதீர்கள். பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு கிழமை வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்தபின் அவிழ்த்து, நிழலில் காற்றாட விடுங்கள். பருத்தியைத் தோய்க்கும்முன் ஈரமான வெள்ளைத் துணியால் உட்தையலை அழுத்தி நிறம் இளகுகிறதா என்று பாருங்கள். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காது, துணியில் வெண்படிவு தங்கும். மழைநீர்த் தொட்டி உள்ளவர்கள் பழைய உடுப்பை அந்தத் தண்ணீரில் அலசுவது நல்லது. சரிகையுள்ள பட்டை வீட்டில் தோய்க்கவே வேண்டாம். முரண்டு பிடிக்கும் உலோகச் சிப்பின் பற்களில் மெழுகுதிரியைத் தேய்த்தால் இளகும்.

வைக்கும்போது பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். தகரத்தில் நேரே படவிட வேண்டாம், நப்தலீன் உருண்டை சரிகையைத் தொடவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்புக் கோட்டைத் தவிர்த்து வேறிடத்தில் மடியுங்கள். யாரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டு வாங்கினீர்கள், அவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதைச் சிறு துண்டில் எழுதி, சுற்றிய துணியின் வெளிமடிப்பில் செருகிவிடுங்கள். பென்சிலால் எழுத வேண்டும். பேனை மை மாரி ஈரத்தில் கசிந்து பட்டில் ஊறும்.